ஒரு பச்சைப் புள்ளி விழாவுக்கு வரவில்லை

இதனால் மாநிலத்தின் சகல மக்களுக்கும், இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும், இன்றைய நிலவரப்படி மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவர்களுக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: உலகமே திரும்பிப் பார்க்கும் வண்ணம் 'உயிர் காக்கும் மருத்துவர் எங்கே?' என்னும் மாபெரும் திட்டம் தொடங்கப்படுகிறது. இனி எவரும் தீவிர சிகிச்சை மருத்துவரைத் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை. ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும். மிக அருகில் இருக்கும் மருத்துவர் வரைபடத்தில் பச்சைப் புள்ளியாக ஒளிர்வார்.

அப்படி ஒளிர்கிற மருத்துவர் எவ்வளவு தூரத்தில் ஒளிர்வார், அவர் வந்து சேரும்வரை நோயாளி என்ன செய்துகொண்டிருப்பார் என்பதையெல்லாம் அறிவிப்பு சொல்லவில்லை. சுவரொட்டியில் அதற்கு இடமில்லை. முக்கால்வாசி இடத்தைச் சுகாதார அமைச்சரின் சிரிப்பு எடுத்துக்கொண்டிருந்தது.

மாநிலத்தின் ஓரத்தில், பேருந்து வந்து திரும்பிப் போகிற ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனையில், அந்தச் சுவரொட்டியை ஐசியூ கதவிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 'உள்ளே வருமுன் கை கழுவவும்' என்று எழுதியிருந்த பலகை அதற்கு அடியில் மறைந்துபோயிற்று. காலையில் வந்த ஐசியூ டாக்டர் சுவரொட்டியை ஓரத்திலிருந்து உரித்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மருந்து அலமாரியின் காலுக்கு அடியில் செருகினார். அலமாரி நின்றது. திட்டத்தால் அந்த மருத்துவமனை அடைந்த முதல் பயன் அது.

அந்த டாக்டருக்கு முதுகுக்குப் பின்னால் கொக்கு என்று பெயர். ஒல்லியான தேகம், நீண்ட கழுத்து, நாற்பதைத் தாண்டிய நரை. நோயாளியின் கால்மாட்டில் போய் நின்றால் எடை முழுவதையும் ஒரு காலில் போட்டு, நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தபடி அசையாமல் நிற்பார். புதிதாக வேலைக்குச் சேரும் நர்சுகள், "மேடம் நின்னுக்கிட்டே தூங்குறாங்களா?" என்று கேட்பதுண்டு. "ஊசியைக் கொஞ்சம் தப்பாப் போட்டுப் பாரு, தெரியும்" என்பாள் தலைமை நர்ஸ்.

அன்று கொக்கு நின்றுகொண்டிருந்தது ஏலக்காரரின் கால்மாட்டில். ஊர்க் காய்கறிச் சந்தையில் அவர்தான் ஏலம் விடுகிறவர். இந்தக் கோடியில் நின்று விலை சொன்னால் அந்தக் கோடியில் இருக்கிற கத்தரிக்காய் வாடும் என்பார்கள், அப்படிப்பட்ட தொண்டை. இப்போது அந்தத் தொண்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கியிருந்தது. நிமோனியா இரண்டு நுரையீரலையும் சேற்றுக் குட்டையாக்கியிருந்ததால் வென்டிலேட்டர்தான் அவருக்காக மூச்சு விட்டது. போன வாரம் ஒரு தடவை குழாயை எடுத்துப் பார்த்தார்கள். உச்சி வெயில் வருவதற்குள் உதடு நீலமாகி, கண் செருகி, மறுபடி குழாய். அன்று டாக்டர் பக்கத்தில் நின்றிருந்ததால்தான் மறுபடி குழாய். இல்லாவிட்டால் மறுபடி என்ற சொல்லுக்கே வேலை இருந்திருக்காது.

வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏலக்காரரின் மனைவி டாக்டரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"இன்னைக்கு எடுத்துருவீங்களா டாக்டர்?"

"மயக்க மருந்தை விடியக்காலையிலயே நிறுத்தியாச்சு. அவர் தானா மூச்சு விடணும், நான் பக்கத்துல நிக்கணும். ரெண்டு பேரும் ஒழுங்கா வேலை பார்த்தா எடுத்துடலாம்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் வாயை மூட மாட்டாரான்னு ஏங்கிக்கிட்டிருந்தேன் டாக்டர். மூடிட்டாரு. இப்ப வீட்ல தண்ணிக் குழாய் சொட்டுற சத்தம்கூட கேக்குது. ராத்திரி அதைக் கேட்டுக்கிட்டே முழிச்சுக் கிடக்கேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு அமைதியெல்லாம் வேணாம். அந்த ஓட்டை வாயையே திருப்பிக் குடுத்துருங்க."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே திரும்பியபோது, கண்காணிப்பாளர் வந்துகொண்டிருந்தார். மருத்துவமனைக்குத் தலைவர். படித்தது எலும்பு வைத்தியம், பிடித்தது மேடை. அவருக்குப் பின்னால், அழைத்து வரப்பட்ட ஆட்டைப் போலத் தோல் டாக்டர்.

"மேடம், கார் வாசல்ல நிக்குது."

"யாருக்கு சார்?"

"உங்களுக்குத்தான்! திட்டத் தொடக்க விழா! மாநிலத்துல இருக்கற எல்லா ஐசியூ டாக்டரும் தலைநகருக்கு நேர்ல வரணும்னு ஆர்டர். மறந்துட்டீங்களா?"

"மறக்கலை. போகலை."

கண்காணிப்பாளர் நகைச்சுவைக்குச் சிரிப்பதுபோல் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் பாதியில் நிறுத்தினார்.

"மினிஸ்டர் விழா மேடம். போகலைங்கறதுக்கு வழியே கிடையாது."

"இருக்கு சார். இப்ப அந்த வழியிலதான் நிக்கறேன்."

"பேட்ஜாவது போட்டிருக்கீங்களா?"

போட்டிருந்தார். திட்டத்தின் உயிர்நாடி அந்த பேட்ஜ்தான். கழுத்தில் தொங்கும் அட்டைக்குள் ஒரு சின்னக் கருவி. அது எங்கே போகிறதோ அங்கே வரைபடத்தில் பச்சைப் புள்ளியும் போகும். கருவி டாக்டர் கழுத்தில் கிடந்தாலும் சரி, கன்றுக்குட்டி கழுத்தில் கிடந்தாலும் சரி, பச்சை பச்சைதான்.

"உங்க கவலை எனக்குப் புரியுது" என்றார் கண்காணிப்பாளர், புரியாதவர்கள் மட்டுமே சொல்லும் குரலில். "எல்லா ஏற்பாடும் பண்ணிட்டேன். இன்னைக்கு ஒரு நாள் நம்ம தோல் டாக்டர் ஐசியூவைப் பார்த்துப்பாரு."

"சார்" என்றார் தோல் டாக்டர், "அந்த மெஷின் கத்தினா எனக்கே உடம்பெல்லாம் தடிக்குது."

"ஒரு நாள்தானேப்பா! நீ எதையும் தொட வேண்டாம். சும்மா பார்த்துக்கிட்டிரு."

"சும்மா பார்த்துக்கிட்டிருக்கறதுதான் சார் பயமா இருக்கு."

கண்காணிப்பாளர் டாக்டர் பக்கம் திரும்பினார். "அந்தக் குழாயை நாளைக்கு எடுங்களேன். குழாய் எங்க ஓடிப்போகப் போகுது?"

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. ஐசியூவில் சத்தம் போடுவதற்கு இயந்திரங்கள் இருக்கின்றன என்பது அவர் கட்சி.

"சார், ஜுரம் இன்னைக்குத்தான் விட்டிருக்கு. சளி இன்னைக்குத்தான் குறைஞ்சிருக்கு. மெஷினே மூச்சு குடுத்துக்கிட்டிருந்தா நெஞ்சுச் சதை வேலையை மறந்துடும். நாளைக்கு மறுபடி ஜுரம் ஏறினா அடுத்தது கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் சொருகறதுதான். அதோட புதுசா ஒரு கிருமி. அதையும் தாண்டி அவர் எந்திரிப்பாரான்னு என்னால சொல்ல முடியாது. அவரோட நுரையீரலுக்கு உங்க விழா அழைப்பிதழ் வரலை சார்."

"அப்ப எடுத்துட்டுக் கிளம்புங்க!"

"எடுக்கறது ஒரு நிமிஷ வேலை. எடுத்த பிறகு நிக்கறதுதான் வேலை. போன தடவை என்ன ஆச்சுன்னு நீங்களே பார்த்தீங்க."

கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து குரலை இறக்கினார். மனிதர் கெட்டவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகெலும்பு நாற்காலியின் வடிவத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"வரலைன்னா உங்களை மாத்திடுவாங்க மேடம். நீங்க போனா இந்த ஐசியூவை நான் யாரை வெச்சு நடத்துவேன்? நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ரூம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. உடைந்த கட்டில்களும் கால் போன நாற்காலிகளும் அடுக்கிக் கிடந்தன. டாக்டர் வந்து சேர்ந்த அன்று தலைமை நர்சும் அவரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அள்ளிக் கொட்டினார்கள். ஒரு பூனைக் குடும்பத்தையே குடிபெயர்க்க வேண்டியிருந்தது.

டாக்டருக்கு உள்ளே ஒரு துலாக்கோல் ஆடியது. ஒரு நாள் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால், இனி வரப்போகிற எத்தனையோ பேருக்கு இந்த அறை இருக்கும். போகாவிட்டால் இவர் ஒருவர் பிழைக்கக்கூடும், அறை போய்விடும். புத்தியுள்ள எவரும் காரில் ஏறுவார்கள். அவருக்கும் புத்தி இருந்தது, அதுதான் தொல்லை.

அப்போது படுக்கையில் ஏலக்காரர் கண்ணைத் திறந்தார். எங்கோ இருட்டான கிடங்கிலிருந்து ஏறி வந்தவர்போல விளக்கைப் பார்த்து விழித்தார். பிறகு வலது கையைக் கொஞ்சம் தூக்கி, ஆள்காட்டி விரலை நிமிர்த்திக் காட்டினார். சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விரல் அது. ஒரு தரம்.

தலைமை நர்ஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். "மேடம், ஏலத்தை ஆரம்பிச்சுட்டாரு!"

டாக்டர் கண்காணிப்பாளரிடம் திரும்பினார். "காரைத் திருப்பி அனுப்பிடுங்க சார். பெட்ரோல் மிச்சம்."

அதற்குப் பிறகு தொலைபேசிகள் தம் பங்குக்கு அடித்தன. முதலில் கூடப் படித்த தோழி, தலைநகரிலிருந்து.

"எங்கடீ இருக்கே? இங்க எல்லாரும் வந்தாச்சு."

"எல்லாருமா?"

"ஒருத்தர் பாக்கி இல்லை. மலைக்காரங்க, கடற்கரைக்காரங்க எல்லாரையும் வெள்ளைக் கோட்டு மாட்டி வரிசையா உக்கார வெச்சிருக்காங்க. சலவைக் கொடி மாதிரி இருக்கு. வாசல்ல ஒரு கூடை வெச்சு, போனையெல்லாம் அதுல போடுன்றாங்க. அமைச்சர் பேசும்போது மணி அடிச்சுடக் கூடாதாம். என்னோடதையும் இப்பப் போடப் போறேன்."

"அப்ப உன் ஐசியூவை யாருடீ பார்க்கறா?"

"கண் டாக்டர்."

"எனக்குத் தோல் குடுத்தாங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்குமுன் தோழியின் போன் கூடைக்குள் போயிற்று.

அடுத்து அம்மா. "நீ மேடையில நிக்கப் போறேன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேண்டி. எதிர்வீட்டுக்காரி டிவியைப் போட்டு வெச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடறா. முன் வரிசையில உக்காரு, சரியா?"

"அம்மா, நான் போகலை."

"போகலையா? அப்ப டிவியில எதைடீ பார்க்கறது?"

மூன்றாவது அழைப்பு கண்காணிப்பாளரின் போனுக்கு வந்தது. போனை இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். மறுமுனையில் துறையின் இயக்குநர். நோயாளியைக் கடைசியாக எப்போது தொட்டார் என்பது அவருக்கும் நினைவில்லை, நோயாளிகளுக்கும் நினைவில்லை.

"இது மாநிலத்தோட மானப் பிரச்சினை மேடம்!"

"இங்க மூச்சுப் பிரச்சினை சார்."

"நீங்க இல்லைன்னா உலகம் நின்னுடும்னு நினைப்பா? உங்க இடத்துக்கு ஆள் கிடைக்காதுன்னு நினைப்பா? நாளைக்கே ஆள் போடறேன்!"

"போடுங்க சார். ரெண்டு பேராப் போடுங்க. எனக்கும் லீவு வேணும்."

மறுமுனை துண்டிக்கப்பட்டது. கண்காணிப்பாளர் போனை வாங்கி, அது இன்னும் சுடுகிறதா என்று பார்ப்பதுபோல் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனார். தோல் டாக்டர் போகவில்லை.

"நான் இருக்கட்டுமா மேடம்? உங்களோட நின்னா அரிக்கலை."

"இருங்க. ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடிக்கத் தெரியுமில்ல?"

"முகம் எனக்குப் பழக்கமான இடம்தான்."

வென்டிலேட்டரின் உதவியை டாக்டர் படிப்படியாகக் குறைத்தார். சைக்கிள் பழகுகிற பிள்ளையின் பின்னால் ஓடி வருகிறவர் இருக்கையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கூடவே ஓடுவாரே, அந்த மாதிரி. இயந்திரம் ஒட்டியிருக்கும், ஆனால் மிதிப்பது நோயாளி. இனிப் பார்ப்பதுதான் வேலை. மூச்சு வேகமெடுக்கிறதா, நெற்றி வியர்க்கிறதா, கழுத்துச் சதை இழுக்கிறதா, கண்ணில் பயம் வருகிறதா. கொக்கு ஒற்றைக் காலுக்கு மாறியது.

ஏலக்காரரின் மூச்சு முதலில் தடுமாறியது. பிறகு ஒரு சீருக்கு வந்தது. நேரம் ஊர்ந்தது. தலைமை நர்ஸ் சளியை உறிஞ்சி எடுத்தாள். தோல் டாக்டர் மானிட்டரைப் பார்த்துப் பார்த்து, நோயாளியைவிட அதிகமாக வியர்த்தார்.

"கிட்ட வந்தாச்சு" என்று டாக்டர் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார். குழாயை எடுக்கும் முன் ஆள் முழு நினைவோடு இருக்கிறாரா, சொன்னால் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். "நான் சொல்றதைச் செய்யணும், சரியா? கையை அமுக்குங்க."

அமுக்கினார்.

அப்போதுதான் போர்வைக்கு உள்ளிருந்து ஒரு குரல் முழங்கியது.

"இதோ! நம் மாண்புமிகு அமைச்சர் அவர்கள் தம் திருக்கரத்தால்!"

தோல் டாக்டர் துள்ளி விழப் பார்த்தார். குரல் வந்தது கட்டிலின் கால்மாட்டில் சக்கர வண்டியில் நின்ற, கேமரா பொருத்திய பெரிய திரையிலிருந்து. அது திட்டத்தோடு வந்த சீதனம். இயக்குகிற சாவியெல்லாம் தலைநகரில் இருந்ததால் இங்கே யாராலும் அணைக்க முடியாது. நினைத்த நேரத்தில் விழித்துக்கொள்ளும். நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று தலைமை நர்ஸ்தான் போர்வையைப் போட்டு மூடியிருந்தாள். சத்தம் தாங்காமல் இப்போது இழுத்துப் போட்டாள்.

திரை நிறைய அமைச்சர். சுவரொட்டியில் இருந்த அதே சிரிப்பு, இப்போது அசைந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக வெள்ளைக் கோட்டுகள். ஓரத்தில், ஆளுயர வரைபடம். மாநிலம் முழுக்கக் கும்மிருட்டு. தலைநகர் இருக்கும் இடத்தில் மட்டும் பச்சை கொத்தாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. எங்கெங்கும் மருத்துவர் இருக்கிறார் என்று காட்டுவதற்காக, எங்கெங்கும் இருந்த மருத்துவர்களை ஒரே அரங்கத்தில் கூட்டி வைத்தால் வரைபடம் வேறு என்ன செய்யும்? அது அரசு ஊழியர் இல்லை. உள்ளதைக் காட்டியது.

தோல் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நடுவுல ஒரு கட்டி, மேடம். நல்லாப் பழுத்திருக்கு. ஓரத்துல தனியா ஒரு மரு." கொஞ்சம் யோசித்தார். "அந்த மரு நாமதான்."

நடந்தது இதுதான். செயல்முறை விளக்கத்துக்கென்று பக்கத்து அறையில் ஒரு மருத்துவரைத் தலை வாரி உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குப் பொருத்தமான ஊர்ப் பெயரையும் அமைச்சருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அமைச்சர் உற்சாகத்தில் துண்டுச் சீட்டைப் பாராமல் தம் சொந்த ஊரின் பெயரைத் தட்டிவிட்டார். வரைபடம் தேடியது. அந்த ஊருக்குத் தலைநகர் அதிக தூரம். இந்த ஓரத்துப் புள்ளி கொஞ்சம் குறைந்த தூரம். அந்தப் புள்ளி இருந்த ஐசியூவின் திரையைத் திறந்துவிட்டது.

"வணக்கம் டாக்டரம்மா!" என்றார் அமைச்சர். "எங்க ஊருக்கு நீங்கதான் பக்கமாமே!"

"உங்க ஊருக்கும் எனக்கும் நடுவுல ஒரு மலை இருக்கு சார். கொஞ்சம் இருங்க, இங்க வேலை நடக்குது."

சொல்லிவிட்டு டாக்டர் மாநிலத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"தலையைத் தூக்குங்க. இன்னும். அப்படியே பிடிங்க."

ஏலக்காரர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். தூக்கிய தலைக்கு நேர் எதிரே திரை. திரை முழுக்க அமைச்சர்.

கடைசிக் கட்டளை ஒன்று பாக்கி இருந்தது. கையை அமுக்குவதை டாக்டர் முழுசாக நம்புவதில்லை. மயக்கத்தில் கிடக்கிறவர்கூட விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார். இதற்கு மட்டும் காது கேட்க வேண்டும், புரிய வேண்டும், செய்யவும் மனம் வேண்டும். எல்லா ஐசியூக்களிலும் கேட்பதுதான்.

"நாக்கை நீட்டுங்க."

ஏலக்காரர் அமைச்சரைப் பார்த்தார். குழாயின் பக்கவாட்டில் வழி தேடி, வறண்டு, வெளுத்து, நுனி நடுங்க, நாக்கு வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. சந்தை ஏலக்காரரின் நாக்கு, சின்னதாக இருக்குமா? அரங்கத்தின் பெரிய திரையில் அது ஒரு ஆள் உயரத்துக்கு நீண்டிருக்க வேண்டும்.

அரங்கம் உறைந்தது. அமைச்சரின் சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. மேடை ஓரத்தில் இயக்குநரின் கை தானாக உயர்ந்து அவர் வாயைப் பொத்தியது.

பின் வரிசையில் எங்கோ ஒரு கைதட்டல் கேட்டது. பிறகு இன்னொன்று. ஒரு வெள்ளைக் கோட்டு எழுந்து நின்றது. பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். மலைக்காரர்கள், கடற்கரைக்காரர்கள், அத்தனை பேரும் எழுந்து கை வலிக்கத் தட்டினார்கள். அந்த நாக்குக்கு என்ன அர்த்தம் என்று அந்த அரங்கத்தில் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இந்த மனிதன் பிழைத்துக்கொண்டான் என்று அர்த்தம். ஒருவர் விசில்கூட அடித்தார்.

அமைச்சர் திரும்பிப் பார்த்தார். தமக்குத்தான் என்று முடிவு செய்து, இரு கைகளையும் உயர்த்தி ஏற்றுக்கொண்டார்.

"நல்லா இருமுங்க!" என்றார் டாக்டர். இருமல் வந்த கணத்தில் குழாயை உருவினார். தோல் டாக்டர் தமக்குப் பழக்கமான இடத்தில் மாஸ்க்கை வைத்து அழுத்தினார். ஏலக்காரர் இருமினார், திணறினார், மறுபடி இருமினார். டாக்டர் கால்மாட்டுக்குப் போய் நின்றார். அசையவில்லை. போன தடவை இந்த இடத்தில்தான் உதடு நிறம் மாறத் தொடங்கியது.

திரையில் விழா நடந்துகொண்டுதான் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. தலைமை நர்ஸ் மட்டும் எதேச்சையாகத் திரும்பியவள், "மேடம், அந்தக் கட்டி உடையுது!" என்றாள். வரைபடத்தில் பச்சைக் கொத்து கலைந்து, புள்ளி புள்ளியாகப் பிரிந்து, நாலா பக்கமும் ஊர்ந்துகொண்டிருந்தது. நன்றியுரை சொல்ல எழுந்தவருக்கு எதிரே நாற்காலிகள் மட்டும் கவனமாக உட்கார்ந்திருந்தன. யாரோ படத்தைத் துண்டித்தார்கள். திரை கறுத்தது.

உதடு நிறம் மாறவில்லை. உச்சி வெயில் வந்து, ஜன்னல் வழியே கட்டிலின் கால்வரை நீண்டு, வந்த வழியே போயிற்று. உதடு அப்போதும் மாறவில்லை. ஏலக்காரர் மாஸ்க்குக்குள் ஏதோ முனகினார். டாக்டர் குனிந்து மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். மூன்று விரல்கள் மேலே எழுந்தன. கிழிந்த சாக்கைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"மூணு... தரம்."

வாசலில் நின்ற மனைவிக்குக் கேட்டுவிட்டது. "ஆரம்பிச்சாச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை என்னைப் பத்திக் கேக்குதா பாருங்க!" பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். அதற்குள் நிறையச் சிரிப்பு கலந்திருந்தது.

சாயங்காலம் தோழி ஓடுகிற காரிலிருந்து பேசினாள். "உன் ஆள் நாக்கை நீட்டினதும் எங்களுக்கெல்லாம் ஐசியூ ஞாபகம் வந்துடுச்சுடீ. கூடைக்கு ஓடினோம். கூடை பூரா வண்டு மாதிரி கத்திக்கிட்டிருக்கு. மாநிலத்துல இருக்கற கண்ணு, காது, மூக்கு எல்லாம் எங்களைத் தேடிக்கிட்டிருக்கு. கண் டாக்டர் என்னை எத்தனை தடவை கூப்பிட்டிருக்காருன்னு எண்ணவே முடியலை. பாதி வழி வந்துட்டேன்." குரல் தாழ்ந்தது. "அங்க சமாளிச்சுட்டாங்களாம். தப்பிச்சேன்டீ. இனிமே எவன் கூப்பிட்டாலும் போக மாட்டேன்."

அம்மாவும் பேசினாள். "டிவியில உன் முதுகைத்தான் காட்டினாங்க. ஒரு தடவை திரும்பியிருக்கக் கூடாதா? கொண்டை எப்படிக் கலைஞ்சு கிடந்துச்சு! எதிர்வீட்டுக்காரி முன்னாடி என் மானமே போச்சு." பிறகு, "அந்த மனுஷன் பொழைச்சுட்டாரா?" என்றாள்.

"பொழைச்சுட்டாரும்மா."

"அப்ப கொண்டை போனாப் போகுது."

குறிப்பாணை சீக்கிரமே வந்தது. குற்றங்கள் இரண்டு. விழாவைப் புறக்கணித்தது ஒன்று. மாண்புமிகு அமைச்சரை நோக்கி நோயாளி ஒருவரை நாக்கை நீட்டத் தூண்டியது மற்றொன்று. டாக்டர் பதில் எழுதினார்: 'நீட்டச் சொன்னது நான். நீட்டியது நோயாளி. எதிரே போய் நின்றது அமைச்சர். முதல் இருவரும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.' கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு, "இதை அனுப்பணுமா மேடம்?" என்றார். "வேணும்னா இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுதறேன் சார்" என்றதும் அவசரமாக உறையில் போட்டு ஒட்டினார். ஒட்டும்போது அவர் தோள் லேசாகக் குலுங்கியதைத் தலைமை நர்ஸ் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பின் இடமாற்ற உத்தரவும் வந்தது. மலை மேல் ஒரு ஊர். அங்கே ஐசியூவும் கிடையாது, அதற்கான அறையும் கிடையாது, பூனைகள் உண்டா என்று தெரியவில்லை. உத்தரவின் அடியில் வழக்கமான வரி: அன்னாரின் இடத்துக்கு வேறொரு தீவிர சிகிச்சை மருத்துவர் வந்து பொறுப்பேற்றவுடன் விடுவிக்கப்படுவார். ஆள் தேடும் வேலையை இயக்குநர் அலுவலகம் உடனே தொடங்கியது. கைவசம்தான் மாபெரும் திட்டம் இருக்கிறதே. ஊர்ப் பெயரைத் தட்டி, அருகில் உள்ள மருத்துவர் யார் என்று கேட்டார்கள். வரைபடம் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டியது. கழுத்துப் பட்டையில் பேட்ஜைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் புள்ளி, வேறொரு நோயாளியின் கால்மாட்டில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

ஏலக்காரர் சந்தைக்குத் திரும்பிவிட்டார். குரல் முக்கால்வாசி வந்துவிட்டது; மீதிக் காலுக்கு மனைவி பக்கத்தில் நின்று கத்துகிறாள்.

டாக்டரின் இடத்துக்கு இதுவரை யாரும் வரவில்லை.